திரைக்கு முன்னால் இருந்தவர் பார்த்தது

என் பெயர் அருள்செல்வி, வயது 34, கணவர் பெயர் கிறிஸ்துதாஸ், அம்பத்தூர் மேனாம்பேட்டில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். இந்த 1992 மார்ச் மாதம் காணாமல் போன என் கணவரைப் பற்றி காவல் ஆய்வாளர் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

என் கணவர் சிறு விமானத்தில் பறந்து கடலில் திமிங்கிலங்களைக் கணக்கெடுக்கும் தனியார் குழுவில் வேலை பார்த்தார். அவரும் பூந்தமல்லி சாதுல்லாவும் ஒரே பக்கத்து ஜன்னல்களில் முன்னும் பின்னுமாக உட்காருவார்கள். நடுவில் திரை உண்டு. ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லக் கூடாது, அவரவர் டேப்பில்தான் பேச வேண்டும். இறங்கிய பிறகு, ஒருவர் பார்த்து மற்றவர் தவறவிட்டவற்றை வைத்து, இருவருமே தவறவிட்டவை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். இதை அவர் சோறு பிசைந்துகொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் பழவேற்காட்டுக்குக் கிழக்கே பறந்தபோது, கவிழ்ந்த படகின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்து கையைத் தூக்கியதை என் கணவர் பார்த்திருக்கிறார். பழக்கதோஷத்தில், திமிங்கிலத்தைச் சொல்வது போலவே "ஒண்ணு, இடது பக்கம்" என்று டேப்பில் சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடத் தொடங்கிவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்து, விமானியிடம் கத்தியிருக்கிறார். திரும்பிப் போனால் வெறும் தண்ணீர். சாதுல்லா தான் எதையும் பார்க்கவில்லை என்றார். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று அவர்கள் குழுவின் அதிகாரி முடித்துவிட்டார்.

அதன் பிறகு என் கணவர் வேலைக்குப் போகாமல் அம்பத்தூர் ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டிருப்பார். வீட்டில் தண்ணீர் அண்டாவைத் திறந்து வைத்தால் மூடச் சொல்வார். ஒருநாள் என்னிடம், "நான் ஒருத்தன பாத்தேன், அவன் பாக்கல. அப்போ ரெண்டு பேருமே பாக்காதவங்க எத்தினி பேரு இருந்தாங்களோ, அருளு" என்றார். 

அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை, யார் வீட்டு ஆள் திரும்பவில்லை என்று பழவேற்காட்டில் விசாரித்து வருவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை. சாதுல்லா போய்க் கேட்டதில், அவர் ஒரு மீன்பிடிப் படகில் ஏறிக் கடலுக்குள் போனதாகவும், அந்தப் படகும் கரைக்கு வரவில்லை என்றும் தெரிந்தது. சாதுல்லா என் வீட்டு வாசலில் நின்று, "நான் பாக்கலன்னுதான் அண்ணி சொன்னேன், இல்லன்னு சொல்லல" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேற்று விமானத்தில் போய்த் தேடியும் எதுவும் தென்படவில்லை, அதனால் தேடுவதை நிறுத்தப்போவதாக இங்கே சொன்னார்கள். ஜன்னலில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒருவர் என்றார்கள். என் கணவர் இறந்துவிட்டார் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இருவரை உட்கார வைத்து மறுபடியும் தேட வேண்டும். இன்னொரு ஜன்னலுக்கு சாதுல்லா வந்திருக்கிறார், வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்.

மேலே உள்ளதை ஏட்டு வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கி. அருள்செல்வி