சுவரில் இருபத்து நான்கு

தெர்மோஸ்டாட் மக்கர் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் குற்றவாளி பேட்டரிதான். மேடம், உங்கள் அறையில் மாட்டியிருப்பதற்கும் அதே வியாதிதான். எண் எப்படி மங்கிப் போயிருக்கிறது பாருங்கள். இரண்டு பேட்டரி மாற்றினால் போதும். அப்படியும் வழிக்கு வராவிட்டால் மூடியைக் கழற்றித் தூசியை ஊதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாட்டிய இடம் தப்பு. அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் விழும் சுவரிலோ இருந்தால், வீடே வெடவெடக்கும்போதும் தனக்குப் புழுக்கமாக இருக்கிறதென்று வீட்டைச் சூடாக்கும் பாய்லரை அணைத்துவிடும். ஸ்ரென்யானின் நகரில் வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்லி வருகிறேன், முப்பது வருடமாக.

எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஊரில் நான் தொடக்கூடாத தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று இருந்தது. அது நான் குடியிருந்த வீட்டில்தான் இருந்தது. வீடு என் மாமனார் ஸ்வேதோஸருடையது. கல்யாணமான கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவன் நான். பெண் வீட்டில் போய் உட்கார்ந்தவனுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். மாமனாருக்கு என்னைக் கூப்பிட வேறு பெயரே கிடையாது. "ஏய் வீட்டோட மாப்ள, பூட்ஸ வெளிய கழட்டு." "வீட்டோட மாப்ள வந்துட்டாரு, சூப்ப சூடு பண்ணும்மா." பக்கத்து வீட்டு தேசா முன்னாலும் அப்படித்தான். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். இருபத்தேழு வருடம் சிரித்தால் தாடை வலிக்காதா மேடம்?

மாமனார் சர்க்கரை ஆலையில் எடைமேடை பார்த்தவர். கிழங்கு வண்டியோடு வரும் விவசாயி தலைகீழாக நின்று பார்த்தாலும், "முள்ளு பொய் சொல்லாதுடா" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு வாய்த்த முள், தெர்மோஸ்டாட். அதை இருபத்து நான்கில் வைத்திருப்பார். எண் கொஞ்சம் அசைந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று வீடு ரெண்டுபடும். அந்த யாரோ நான்தான், வேறு யார்?

ஜனவரியில் என் மனைவி ஒலிவேரா எங்கள் மகளின் பிரசவத்துக்கு நோவி சாத் நகருக்குப் போனாள். "அப்பாவப் பாத்துக்க. நெஞ்சு பலவீனமா இருக்கு," என்றாள். பார்த்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சின்னத் தொழில் விஷயம். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணும் அறையின் சூடும் ஒத்துப்போகாவிட்டால், எண்ணைக் கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொள்ள உள்ளே ஒரு வசதி உண்டு. வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. நான் அதை நாளுக்கு ஒரு டிகிரி கூட்டிக் காட்டும்படி திருத்தினேன். சுவரில் எப்போதும் இருபத்து நான்கு. அறையில் இருபத்து மூன்று, மறுநாள் இருபத்து இரண்டு. எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வார்த்தை. "ரதிவோய், குளுருது, இத என்னன்னு பாரு." தொழில் தெரிந்தவன் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் சரிசெய்திருப்பேன்.

அவர் கேட்கவில்லை. குளிரும், சுவரைப் பார்ப்பார், இருபத்து நான்கு என்றிருக்கும். அப்புறம் பழி யார் மேல்? ப்ரோமாயா மேல்தான். எதிரெதிர் ஜன்னலுக்கு நடுவே ஓடும் அந்தக் காற்று கழுத்தைப் பிடிக்கும், காதை அடைக்கும், ஆளையே சாய்க்கும் என்பதை நாமெல்லாம் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். மாமனார் கதவிடுக்கில் துண்டைத் திணித்தார். சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தார். மிச்சப் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டார்.

"எங்கயோ தொறந்து போட்ருக்க நீ. வீட்டுக்குள்ள ப்ரோமாயா சுத்துது."

"எல்லாம் சாத்தித்தான் இருக்கு மாமா."

"அப்ப ரேடியேட்டர் ஏன் சில்லுன்னு கெடக்கு?"

"இருபத்து நாலு வந்தாச்சுல்ல, பாய்லர் ஓய்வெடுக்குது."

"ம். முள்ளு பொய் சொல்லாது," என்று கம்பளியை இழுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் தேசா சீஸ் வைத்துச் சுட்ட பிட்டா கொண்டுவந்தாள். உள்ளே கால் வைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "அய்யய்யோ, என் பின்னாடியே ப்ரோமாயா வந்துருச்சு!" என்று பதறி, தட்டை என் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். பிட்டா நன்றாக இருந்தது. வெளியே கோஷாவா காற்று விசிலடித்தது. நான் ஆட்டுத்தோல் சட்டைக்குள் கதகதப்பாக இருந்தேன். நான் எண்ணை நம்புகிற ஆள் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அறையில் பன்னிரண்டு. மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் நெஞ்சு என்று எழுதினார். குளியலறை ஜன்னல் ஒரு விரலளவு திறந்திருந்ததை தேசா கண்டுபிடித்தாள். தெருவே தலையை ஆட்டி ப்ரோமாயாவைச் சபித்தது.

அன்று மாலை வந்த ஒலிவேரா கோட்டைக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்தாள். பேத்தியின் அறைக்கென்று வாங்கி வைத்திருந்த வெப்பமானியைப் பையிலிருந்து எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதில் பன்னிரண்டு. என்னைக் கேட்கவில்லை. நேரே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அதுதான் எனக்கு வருத்தம்.

காகிதத்தில் "கொன்றார்" என்று போட்டிருக்கிறீர்கள். பெரிய வார்த்தை மேடம். கேட்டிருந்தால் சரிசெய்திருப்பேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

எதையும் விட்டுவிடக்கூடாது என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டாம் நாள் மாலை அவர் கூப்பிட்டார். வீட்டோட மாப்ள என்று இல்லை. "ரதிவோய்... ரதிவோய், குளுருதுப்பா. நீதான் இந்த வேல தெரிஞ்சவன். கொஞ்சம் இத பாரேன்."

இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் முன்னால் போய் நின்றேன். மூடியைக் கழற்றினேன். தூசி இல்லை. பேட்டரி புதுசு. மூடியைத் திரும்ப மாட்டினேன்.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்ல மாமா," என்றேன்.

தொழில் விஷயத்தில் நான் பொய் சொல்கிறவன் இல்லை.