மூன்றில் ஒரு பங்கு விலை

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி நன்றாகவே இருக்கிறது, அய்யா. கழுநீர் மாதிரி இருக்கும் என்று ராய்ஸ் சொல்லிக்கொண்டிருந்தான். மலிவாகக் கிடைக்கிற எதையும் அவன் மதித்ததில்லை.

ராய்ஸ் என் தங்கை டார்லீனின் கணவன். டெக்சாஸில் இந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள் கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போகும்; அதனால் வீட்டுக்கு வீடு அரைத்தானியங்கித் துப்பாக்கி உண்டு. அவனுடையதில், சுட்டதும் எழும் வாயு ஒரு தண்டைத் தள்ளும், தண்டு அடுத்த தோட்டாவை ஏற்றும். கரி படியாது. என்னுடையதில் வாயு நேராக உள்ளே வந்து அதே வேலையைச் செய்யும். கரி படியும்தான். ஆனால் எடை குறைவு, விலை மூன்றில் ஒரு பங்கு, குறியும் பிசகாது. இது புரிய அவனுக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. பெரிய மூளைக்காரன்.

"மச்சான், அது துப்பாக்கி இல்ல, தகர டப்பா. தட்டிப் பன்னிய வெரட்டலாம், சுட முடியாது" என்பான், பார்பிக்யூ விருந்தில் எல்லார் முன்னாலும். டார்லீனும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் நிதானமானவன்.

கோடையில் ஒரு நாள் பயிற்சித் திடலில் என் துப்பாக்கியின் விசையைப் பூட்டிவைக்கும் சேஃப்டியைத் தள்ளித் திறந்தேன். விசையைத் தொடவில்லை. தானாகவே வெடித்து, குண்டு பாய்ந்து தரையில் குழி விழுந்தது. இன்னொரு நாளும் அப்படியே. பழுதுபார்க்க ஊரில் ஒரே ஆள்தான். அவன் ராய்ஸோடு பீர் குடிக்கிறவன். கொண்டுபோனால் சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். அதனால் துடைத்து அலமாரியில் வைத்தேன். சின்னக் கோளாறுக்காக ஒரு நல்ல துப்பாக்கியின் பெயரைக் கெடுப்பது நியாயமா?

நன்றியறிதல் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே ராய்ஸ் சொன்னான்: "டார்லீனும் வேட்டைக்கு வரணுங்கறா. என்னுத அவளால தூக்க முடியல. உன்னுதுதான் லாயக்கு. நீ ஜெயிச்சிட்ட, மச்சான். அத எனக்கே வித்துடு."

மேசை முழுக்கக் கேட்டது. ஒன்பது வருடத்தில் அவன் பேசிய ஒரே புத்திசாலிப் பேச்சு. அந்த நேரம் பார்த்து, 'அது தானாகச் சுடும்' என்று நான் சொல்லியிருக்க வேண்டுமாம். முழு விலையும் வாங்கினேன். குறைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பான்.

வண்டியில் ஏற்றும்போது டார்லீன் கேட்டாள்: "அண்ணே, இதுல நான் பாத்து நடந்துக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

"எண்ணெ மட்டும் மறக்காம போடும்மா" என்றேன்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். ராய்ஸ் முன்னால் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தான். பன்றியைப் பார்த்த அவசரத்தில் அவள் சேஃப்டியைத் தள்ளினாள். குழலைப் புருஷன் பக்கம் பிடித்தது அவள் தப்பு. அதை நான் மூடி மறைக்க மாட்டேன்.

விசையைத் தொடவே இல்லை என்று அடுத்த அறையில் அழுகிறாளாம், நீங்கள் யாரும் நம்பவில்லையாம். எழுதிக்கொள்ளுங்கள்: அவள் தொடவில்லை. அது தானாகச் சுடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றேன். ராய்ஸைக் கொன்றது நான்.

மட்டமான துப்பாக்கி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அய்யா. நல்லது என்று ராய்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறான். வேண்டுமானால் டார்லீனைக் கேட்டுப் பாருங்கள்.