இடி விழுந்தவரைத் தொடுவது பற்றி நான் கற்பித்தது

23.04.2025 புதன்கிழமை, பிற்பகல் 3.20 மணி. தமிழில் வாக்குமூலம் கொடுக்க விரும்புவதாக இவர் கேட்டுக்கொண்டதால், பொலிஸ் உத்தியோகத்தர் ஸப்வான் ஆகிய என்னால் தமிழிலேயே எழுதிக்கொள்ளப்படுகிறது.

பெயர்: பெருமாள் சுதர்ஷினி. வயது: 39. மணமாகாதவர். தொழில்: ஆசிரியை. முகவரி: மேரிடேல் தோட்டம், மேற்பிரிவு, தெஹியோவிட்ட. அவர் கூறுவதாவது:

நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் தமிழ் வித்தியாலயத்தில் பதினான்கு வருடமாகச் சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தைக் கற்பித்து வருகிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். இறந்தவரின் மகளுடைய அலைபேசியில் என் இலக்கம் பதிவாகியிருப்பதால் எப்படியும் கூப்பிடுவார்கள் என்றும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கும்படியும் பாடசாலை அதிபர் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருப்பது என் தொழிலில் இல்லை. பிள்ளைகள் என்னை விசில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள்.

இறந்துபோன கோகிலா எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. வயது நாற்பத்தொன்று. அவருடைய ஒரே மகள் ஷாமிளா என்னிடம் பதினோராம் தரத்தில் படிக்கிறாள். கோகிலாவின் கணவர் சுரேந்திரன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர், மாதம் ஒருமுறை வந்து போவார். கோகிலாவின் அண்ணன் ஏழுமலை அதே லயத்து வரிசை வீடுகளில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். மருமகள் ஷாமிளா தன்னைத் தடியால் அடித்து, தங்கையைக் காப்பாற்ற விடாமல் தடுத்தாள் என்று இந்த நிலையத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பவர் அவர்தான். அவர் சொன்னது நடந்தது. ஏன் நடந்தது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கடந்த பெப்ரவரி 19ஆம் திகதி புதன்கிழமை பதினோராம் தரத்துக்கு வலைப்பந்துப் பயிற்சி இருந்தது. காலையிலிருந்து மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டதால் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்து முதலுதவிப் பாடத்தை எடுத்தேன். நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான பொம்மை எங்கள் பாடசாலையில் இல்லை. ஆகவே கோதுமை மா சாக்கு ஒன்றில் ரப்பர் இலைச் சருகை அடைத்து வைத்திருந்தேன். பிள்ளைகள் அதற்குச் சிங்களத்தில் பொடி மாத்தயா, சின்ன ஐயா, என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து பொடி மாத்தயாவின் நெஞ்சை அழுத்தினார்கள், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஷாமிளா மட்டும் சிரிக்காமல் முப்பது வரை எண்ணி அழுத்தினாள். முழங்கையை மடக்காமல் சரியாகச் செய்தது அவள் ஒருத்திதான். இவளைப் பாருங்கள் என்று மற்றவர்களிடம் காட்டினேன்.

அதன் பின்னர் மின்சாரம் தாக்கியவரைப் பற்றிச் சொன்னேன். அவரைக் கையால் தொடக்கூடாது, முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த தடியாலோ ரப்பராலோ விலக்கிய பிறகுதான் தொட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். ரப்பர் என்றதும் பிள்ளைகளுக்குக் குஷி. நம்ம ஸ்டோர் முழுக்க ரப்பர்தானே, நம்ம தோட்டத்துல யாருமே சாகமாட்டாங்க என்று ஒருவன் சொன்னான். மணி அடிக்கும் நேரத்தில் ஷாமிளா எழுந்து கேட்டாள்.

“டீச்சர், இடி விழுந்தா?”

“அதுவும் கரண்டுதானே. அதே முறைதான்” என்று சொன்னேன்.

கேள்வி: அந்தப் பதில் பாடப்புத்தகத்தில் உள்ளதா?

பதில்: இல்லை. நானே சொன்னது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் டஸ்டரை எடுத்தாகிவிட்டது, அடுத்த வகுப்புக்குப் போகிற அவசரம், இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னர் மார்ச் முதல் வாரத்தில் சிறு பரீட்சை ஒன்று வைத்தேன். மின்சாரம் தாக்கியவருக்கான முதலுதவியை எழுதச் சொன்ன கேள்விக்கு ஷாமிளா நான்கு வரி எழுதி, கடைசியில் ‘இடி விழுந்தவருக்கும் இதுவே முறை, யாரையும் தொடவிடக் கூடாது’ என்று சேர்த்திருந்தாள். அதற்கு நான் சிவப்புப் பேனாவால் சரி போட்டு, பக்கத்தில் ‘மிக நன்று’ என்று எழுதினேன். அந்த விடைத்தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 6ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நான் சாமான் வாங்க தெஹியோவிட்ட பஸாருக்குப் போயிருந்தேன். இந்த மாதத்தில் எங்கள் பக்கம் இரண்டு மணியானால் வானம் இருட்டிவிடும், அன்றும் இருட்டியது. மழை தொடங்கும் முன்னரே இடி இடித்தது. பிற்பகல் 2.41க்கு ஷாமிளா எனக்கு அழைப்பு எடுத்தாள். இரைச்சலில் பாதிதான் கேட்டது. கேட்டதைச் சொல்கிறேன்.

“டீச்சர், அம்மாவுக்கு இடி விழுந்துருச்சு. கொடியில துணி எடுக்கப் போனாங்க. மூச்சு இல்ல டீச்சர். நான் யாரையும் தொடவிடல. ஸ்டோருக்கு ரப்பர் சீட் எடுக்க ஆள் போயிருக்கு.”

“கெட்டிக்காரி. அப்படியே செய். த்ரீவீலுக்குச் சொல்லு, நான் ஆஸ்பத்திரிக்கு வாறேன்” என்று நான் சொன்னேன். அதன் பின்னர் தொடர்பு அறுந்தது.

நான் அப்படிச் சொன்னேன் என்பதை அந்தப் பிள்ளை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஏழுமலை அண்ணனுக்கும் தெரியாது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இனிச் சொல்வதை நான் நேரில் பார்க்கவில்லை. ஷாமிளாவும் லயத்தில் உள்ளவர்களும் சொல்லக் கேட்டது. லயத்துக் கூரையிலிருந்து பலாமரம் வரை கட்டியிருந்த கம்பிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கோகிலா விழுந்திருக்கிறார். வாசலில் நின்ற ஷாமிளாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஓடிப்போய்த் தூக்கவில்லை. வீட்டுக்குள் போய்க் காய்ந்த மண்வெட்டிப் பிடி ஒன்றை எடுத்துவந்து, தாயின் மேல் கிடந்த கம்பியைத் தள்ளிவிட்டு, தலைமாட்டில் நின்றுகொண்டு, கிட்ட வந்தவர்களை எல்லாம் தடுத்திருக்கிறாள். ஏழுமலை அண்ணன் ஓடிவந்து, “தள்ளிப் போடி, அது என் தங்கச்சி” என்று குனிந்திருக்கிறார்.

“தொடாதீங்க மாமா! தொட்டா நீங்களும் செத்துருவீங்க!” என்று கத்தி அவருடைய மணிக்கட்டில் அடித்திருக்கிறாள். எலும்பு லேசாக வெடித்திருக்கிறது என்பது மருத்துவ அறிக்கையில் உள்ளது. அவள் அடித்தது அவரைச் சாகவிடாமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கும் காவல்காரரைத் தேடிப்பிடித்து, பூட்டைத் திறந்து, புகை போட்டுக் காய்ந்த ரப்பர் சீட் நான்கை எடுத்துக்கொண்டு ஓடிவரப் பதினான்கு நிமிடம் ஆகியிருக்கிறது. அதுவரை லயத்துச் சனம் முழுவதும் மழையில் சுற்றி நின்றிருக்கிறது, ஒருவரும் தொடவில்லை. படித்த பிள்ளை சொல்கிறதே என்று நின்றோம் என்று சொல்கிறார்கள். கரண்டு அடித்தால் ரப்பர்தான் என்பது எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். அதனால்தான் அவள் சொன்னதை உடனே நம்பினார்கள். வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் பேச்சைக் கேளாமல் தூக்கியிருப்பார்.

அதன் பின்னர் சீட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கோகிலாவைப் பிடித்து, இன்னொரு சீட்டின் மேல் கிடத்தி, முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டேன். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது ஷாமிளா வண்டித் தரையில் முழங்காலில் நின்று தாயின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். முழங்கையை மடக்கவில்லை. இருபத்தொன்பது, முப்பது என்று எண்ணினாள். தாதியர் அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. கோகிலா வரும் வழியிலேயே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சற்று நேரத்தில் டொக்டர் நபீலா வெளியே வந்து, “நெஞ்ச அழுத்தினது யாரு?” என்று கேட்டார். எங்கள் பாடசாலைப் பிள்ளை என்று நான் சொன்னேன்.

“சரியான இடத்துல, சரியா அழுத்தியிருக்காங்க. விழுந்த உடனே ஏன் தொடங்கல்ல?” என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர், “இடி விழுந்த உடம்புல கரண்டு நிக்காது டீச்சர். அந்த நிமிசமே தொடலாம். தொடத்தான் வேணும்” என்றார். உடனே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். நிச்சயம் சொல்ல முடியாது, ஆனால் இடி விழுந்தவர்களில் அப்படிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். அப்போது ஷாமிளா சுவர் ஓரமாக ஈரத்துடன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று நான் நகர்ந்து அவளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

8ஆம் திகதி அடக்கம் நடந்தது. வாய்க்கரிசி போட ஷாமிளா வந்தபோது ஏழுமலை அண்ணன் கட்டுப்போட்ட கையை நீட்டி மறித்தார்.

“உசுரோட கெடக்கும்போது தொடவிடல. இப்ப மட்டும் என்னாத்துக்குத் தொடுற?”

சுரேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஷாமிளா கையில் இருந்த அரிசியை மறுபடி தட்டில் போட்டுவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள். நான் அங்கேதான் நின்றேன். ஊர் முழுக்கக் கேட்கும்படி விசில் ஊதத் தெரிந்த எனக்கு அன்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. ஏழுமலை அண்ணன் கெட்ட மனிதர் அல்ல. அவருக்குத் தங்கை போய்விட்டாள், கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டும். வைக்க வேண்டிய இடம் நான்.

அதன் பின்னர் ஷாமிளா சரியாகச் சாப்பிடவில்லை என்றும், பேசுவதில்லை என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். நேற்று முன்தினம், 21ஆம் திகதி திங்கட்கிழமை, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சமையல்கட்டில் அவளும் நானும் மட்டும் இருந்தபோது அவள் கேட்டாள்.

“டீச்சர், தொட்டிருந்தா மாமாவும் செத்திருப்பாருதானே? நான் செஞ்சது சரிதானே?”

“ஆமா” என்றேன்.

அவள் அழுதாள். அதன் பின்னர் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு முழுவதும் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் பருப்பும் கேட்டு வாங்கினாள்.

கேள்வி: அப்படியானால் இதை இப்போது ஏன் கூறுகிறீர்கள்? முறைப்பாட்டைச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று நிலையப் பொறுப்பதிகாரி உங்களிடம் தெரிவித்தார் அல்லவா?

பதில்: தெரிவித்தார். பிள்ளை பயத்தில் அடித்துவிட்டாள் என்று எழுதி முடித்துவிடலாம் என்று சிங்களத்தில் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவள் பயத்தில் அடிக்கவில்லை. பயந்திருந்தால் தாயைக் கட்டிப்பிடித்திருப்பாள். கற்றுக்கொடுத்ததைச் செய்தாள். இன்னொன்றும் உண்டு. அந்த வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோருடைய கொப்பியிலும் நான் சொன்னது எழுதியிருக்கிறது. திங்களும் செவ்வாயும் வகுப்புக்குப் போய், வலைப்பந்துக் கோடு போடுவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். காரணம், வகுப்பில் திருத்திச் சொன்னால் அன்று மாலையே அது கீழ்ப்பிரிவு லயத்தில் ஷாமிளாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு நாளும் பிற்பகலில் இடி இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அந்த முப்பத்துநான்கு பிள்ளைகளின் வீடுகளை நினைத்தேன். நாளை காலை எட்டு மணிக்கு வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆகவே ஷாமிளாவுக்கு இன்றைக்கே, என் வாயால் தெரிய வேண்டும். இங்கிருந்து நேரே அங்கேதான் போகிறேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் மறுபடி சாப்பிடாமல் போனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மரண விசாரணையில் இது வாசிக்கப்படும்போது பிழை யாருடையது என்ற இடத்தில் என் பெயரை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ஷாமிளாவின் பெயரை எழுத வேண்டாம். ஏழுமலை அண்ணனுடைய கைக்கும் நானே பொறுப்பு.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தம் ஒன்றும் இல்லை. இந்த நிலையத்தில் நான் சொன்ன யாவும் உண்மை. திங்கட்கிழமை ஷாமிளாவின் சமையல்கட்டில் சொன்ன ‘ஆமா’ மட்டும் பொய்.

(ஒப்பம்) பெ. சுதர்ஷினி