போயிட்டான்

மொத்தமே ஒன்பது பாட்டு வைத்திருக்கிற குழுவுக்குத் 'தலைசிறந்த பாடல்கள்' என்று ஓர் ஆல்பம் எதற்கு என்று கேட்டீர்கள், மேடம். நியாயமான கேள்விதான். எதை விடலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஒன்பதையும் போட்டுவிட்டேன்.

எங்கள் குழுவின் பெயர் 'முல்லையாறு புளூஸ்'. புளூஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம்மூர் ஒப்பாரிக்குக் கரண்ட் கொடுத்த மாதிரி இருக்கும். பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு மாடியில்தான் ஒத்திகை. நான் டிரம்ஸ். பாட்டும் கிதாரும் சுருளிப்பட்டி வேல்பாண்டி. காதலில் அடிபட்டவன் போல உருகிப் பாடுவான். உண்மையில் அவனுக்குத் திராட்சைக்கு மருந்தடிக்கவே நேரம் போதவில்லை, எங்கே காதலிப்பது?

போன மாதம் கொச்சியிலிருந்து ஒரு பெரிய குழு அவனைப் பாடக் கூப்பிட்டது. தேதியைப் போனில் சொல்வதாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மச்சானின் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க மலையேற வேண்டியிருந்தது அவனுக்கு. அங்கே சிக்னல் கிடைக்காது. அதனால் கொச்சிக்காரர்களிடம் என் எண்ணைக் கொடுத்துவிட்டு, "நீ பேசுனா நான் பேசுன மாதிரிதான் சூரியா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கொச்சிக்குப் போய்விட்டால் எனக்கென்று எதுவுமே மிஞ்சாது. அந்தப் பயத்தை அவனிடம் காட்டவில்லை. கைகொடுத்து வாழ்த்தி அனுப்பினேன்.

ஆல்பத்துக்காகக் கம்பம் கடைவீதியில் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்க நினைத்தேன். அச்சடிக்கிற ராக்கையா அண்ணனிடம் வேல்பாண்டி கண்மூடிப் பாடுகிற படத்தைக் கொடுத்தேன். அவன் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பான். படத்தைப் பார்த்ததும் அண்ணன் குரல் தழைந்துவிட்டது.

"போயிட்டாகளா?"

"போயிட்டான்ணே" என்றேன். தோட்டத்துக்குத்தானே போயிருந்தான்? அதில் பொய் எங்கே இருக்கிறது?

அண்ணன் கைப்பழக்கத்தில் தோற்றம், மறைவு என்று போட்டு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார். கீழே ரோஜாப்பூ தூவினார். எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் நிறம் எடுப்பாக இருந்தது. குழு தொடங்கிய வருடத்தைத் தோற்றத்துக்கும் இந்த வருடத்தை மறைவுக்கும் நானே சொன்னேன். பாடகன் போனபின் குழு ஏது?

ஃப்ளெக்ஸ் அடியில் ஸ்பீக்கர் வைத்து ஒன்பது பாட்டையும் ஓட விட்டேன். இத்தனை வருடம் எங்களைத் திரும்பிப் பார்க்காத ஊர் அன்று நின்று கேட்டது. "பாடுனப்ப ஒரு வாய்ப்புக் குடுக்கலியே" என்று ஒருவர் மூக்கைச் சிந்தினார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

மதியம் அவன் அம்மா ராமுத்தாய் அத்தை வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே சூரியா, எம்புள்ள போயிட்டானாடா?"

தோட்டத்தைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "போயிட்டான் அத்தை" என்றேன்.

அத்தை அங்கனயே ரோட்டில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். தூக்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன்கூட. ஆனால் அவருடைய அழுகை எங்கள் நாலாவது பாட்டின் தாளத்தில் அப்படியே உட்கார்ந்தது. யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, பொழுது சாய்வதற்குள் வீடியோ கொச்சி வரைக்கும் போய்விட்டது. உறவுக்காரர்கள் ஜீப் எடுத்து மலையேறினார்கள். மழையில் பாதை மூடிக் கிடந்ததால் மறுநாள் மதியம்தான் அவனை இறக்கிக் கொண்டுவர முடிந்தது.

அதற்குள் கொச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "வேல்பாண்டி போயோ?" என்று கேட்டார். "போயி" என்றேன். மலையாளத்திலும் அந்தச் சொல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அந்தப் பெண் விடவில்லை. "மரிச்சோ?" என்று தெளிவாகக் கேட்டார்.

மேடம், என் அம்மா குமுளிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மரிச்சு" என்றேன். எப்போது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

மறுநாள் உயிரோடிருக்கிறேன் என்று அவனே கொச்சிக்குக் கூப்பிட்டபோது, அவர்கள் வேறொருவரை முடிவு செய்திருந்தார்கள். அத்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தேறிவருகிறாராம். எனக்கு யார்மீதும் கோபமில்லை. வாக்குமூலத்தில் நீங்கள் எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் வேண்டும். பத்தாவது பாட்டை எழுதி முடித்துவிட்டேன், வேல்பாண்டி குரலுக்காகவே எழுதியது. எப்போது ஒத்திகைக்கு வருகிறான் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், மேடம். என்னிடம் ஏனோ பேச மாட்டேன் என்கிறான்.