அறுபத்திரண்டு டிகிரி

உங்கள் அறை நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் கருவி இருபத்து நான்கு என்கிறது. உண்மையில் குறைந்தது இருபத்தேழு இருக்கும். ஆனாலும் அதைச் சரிசெய்ய யாரையும் கூப்பிட வேண்டாம். இருபத்து நான்கு என்று எழுதியிருப்பதால்தான் நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் நிம்மதியாகக் கேள்வி கேட்கிறீர்கள். நானும் எங்கள் அலுவலகத்துக்கு இந்த அளவு உபகாரம்தான் செய்தேன்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். இல்லை. எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஊரார் கோப்புகளைத் தன் கணினிகளில் வைத்துக் காப்பாற்றிக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். வாசலில் நுழைந்ததும் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் கணினி அறை. கண்ணாடிக்கு மேலே, கல்யாண மண்டபத்தில் பெயர் எரிகிற மாதிரி, பெரிய மின்பலகை. அதில் ஒரே ஓர் எண்: தலைமைக் கணினியின் பிராசஸர் எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்பது. எழுபத்தைந்துக்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு. வைத்தவர் முதலாளி. பிராசஸர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பச்சை தெரியும்.

எண் எண்பதைத் தொடும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். “என்னய்யா இது, பார்ட்டி வர்ற நேரத்துல மூஞ்சி செவந்து நிக்குது?” தூசி அடைந்திருக்கிறது, இன்னொரு ஏசி வேண்டும், பக்கத்தில் அடுக்கியிருக்கும் பேட்டரிகளை வேறு அறைக்கு மாற்ற வேண்டும் என்று பணிவாகத்தான் சொன்னேன். ஒரு முறையல்ல, பல முறை. “அதெல்லாம் இருக்கட்டும். அந்த நம்பரைக் குறைக்க வழி சொல்லு” என்றார்.

நம்பரைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். சூட்டைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அது வேறு வேலை.

மதர்போர்டுக்குள்ளேயே ஃபர்ம்வேர் என்று ஒரு சின்ன நிரல் குடியிருக்கிறது. கணினி கண் விழித்ததும் முதலில் பேசுவது அதுதான். பிராசஸர் எவ்வளவு சூடு என்று ஊருக்குச் சொல்வதும், மின்விசிறிகள் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று உத்தரவு போடுவதும் அதுதான். அதைத் திருத்தி, எந்தச் சூடு வந்தாலும் இருபத்து நான்கு டிகிரி கழித்துச் சொல்லும்படி எழுதினேன். பிறகு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டாயிற்று என்று அறிவித்தேன். அப்டேட் என்று சொன்னால் யாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. நீங்களும் உங்கள் போனில் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மறுநாள் பலகையில் ஐம்பத்தெட்டு. மின்விசிறிகளும் அந்த எண்ணை நம்பி மெதுவாகச் சுற்றின. அறை அமைதியானது. “பாத்தியா, மனசு வெச்சா முடியுது” என்று முதலாளி என் தோளில் தட்டினார். குளிர்ந்த அறைக்கு இரண்டு ஏசி எதற்கு என்று ஒன்றைக் கழற்றித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக ஒரு கேடயம் வந்தது. அதில் அவர் பெயர் பெரிதாகவும் என் பதவி சிறிதாகவும் இருந்தன. அத்தனை பேரும் நிம்மதியாக இருந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

அவள் என் மனைவியின் தங்கை. எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கணினிப் பெட்டிகள் மீது புறங்கையை வைத்து வைத்துப் பார்ப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு ‘ஜுர டாக்டர்’ என்று பெயர்.

“அத்தான், பெட்டி கொதிக்குது. பலகை ஐம்பத்தெட்டுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய்.”

“ஆபீஸ்ல சார்னு கூப்பிடு.”

“சரி சார். ரெண்டுல ஒண்ணு பொய் சார்.”

“உன் கைக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தது?”

“பலகைக்கு யாரு குடுத்தது?”

“நான்.”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு நீண்ட விடுமுறைக்காகக் கணினிகளை அணைத்துவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்து போட்டதும் பலகை ஏழு என்று காட்டியது. முதலாளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லோரையும் பலகைக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார். படத்தில் அவள் மட்டும் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அத்தான், ரூமே முப்பது டிகிரி இருக்கு. பிராசஸர் மட்டும் ஏழுன்னா அதுக்கு மேல பனி பெய்யுதா?”

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றேன். அவள் சிரிக்கவில்லை. “மதர்போர்டு கம்பெனி போட்டிருக்கிற அசல் ஃபர்ம்வேரை எடுத்து வெச்சிருக்கேன். ஏத்திப் பாத்துடறேன். தப்பு போர்டுலயா, இல்ல வேற எங்கயாவதா, தெரிஞ்சுபோகும்” என்றாள். வேற எங்கயாவது என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. வீட்டில் அக்காவிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. அது அவளுடைய கணக்கு.

சம்பவம் நடந்த அன்று முதலாளி வாடிக்கையாளர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தையே அழைத்து வந்து கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். அவள் அதற்கு முன்பே உள்ளே போய் அப்டேட்டைத் தொடங்கிவிட்டாள். அந்தக் கதவைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். உள்ளே போகவும் விரல் வைக்க வேண்டும், வெளியே வரவும் விரல் வைக்க வேண்டும். அதுவும் முதலாளியின் ஆசை. பதிவான விரல்கள் இரண்டு பேருடையவை மட்டும்: அவளுடையவை, என்னுடையவை. முதலாளி உள்ளே போகிறவர் அல்ல, காட்டுகிறவர். ஆபத்து வந்தால் என்ன செய்வது? பலகையின் எண் எழுபத்தைந்தைத் தாண்டினால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அந்த ஏற்பாடு என்னுடையது. நல்ல ஏற்பாடு.

ஃபர்ம்வேர் அப்டேட் நடக்கும்போது கணினி வேறு எதற்கும் பதில் சொல்லாது. பலகையில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். அறுபத்திரண்டில் நின்றது. பச்சை.

முதலில் பேட்டரிகள் பக்கமிருந்து மெல்லிய புகை. அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்கு வந்து விரலை வைத்தாள். வியர்த்த விரலைப் பூட்டு ஏற்கவில்லை. உடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வேறு விரலை வைத்தாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள். வந்தவர்களில் ஒருவர் அவளுக்குக் கையசைத்தார். முதலாளியும் அசைத்தார்.

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஓடிவந்தாள். “சார், உள்ள புகையா இருக்கு. உங்க விரலை வையுங்க சார்.”

“அப்டேட் ஓடிட்டிருக்கு. நடுவுல கைவெச்சா மதர்போர்டே போயிடும். ஆபத்துன்னா கதவு தானா திறக்கும்” என்றேன். அப்டேட்டின் நடுவே குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள்.

முதலாளி அண்ணாந்து பார்த்தார். “அறுபத்திரண்டுதானே? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று வந்தவர்களைச் சமாதானப்படுத்தினார். முதலாளியின் டிரைவர் ஒரு நாற்காலியால் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். அது உடைகிற கண்ணாடி அல்ல. “அது ஸ்பெஷல் ஆர்டர்யா” என்று முதலாளி பதறினார். நீங்கள் என்னை மட்டும் உட்காரவைத்திருக்கிறீர்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தால் அப்டேட் நின்றுவிடுமா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நிற்காது. கதவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் விரல் சுத்தமாக, உலர்ந்துதான் இருந்தது. சட்டென்று வைத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பலகை அறுபத்திரண்டு என்று பச்சையில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேர் முன்னிலையில் நானே ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அறுபத்திரண்டு என்பது அறுபத்திரண்டு இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடாதா? கேடயம், தோளில் தட்டியது, அந்த ஏழு டிகிரிப் படம் எல்லாம் என்ன ஆவது? அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தான்” என்றுதான் வாய் அசைந்தது. அலுவலகம் என்பதை மறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு தட்டவில்லை.

என் மனைவி இதுவரை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். “அப்ப உங்க கை எங்க இருந்துச்சு?” பேன்ட் பாக்கெட்டில் இருந்தது என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

அவள் தொடங்கிய வேலை குறையில்லாமல் முடிந்தது. அசல் ஃபர்ம்வேர் ஏறி, கணினி மறுபடி கண் விழித்தது. பலகை ஒரு கணம் இருண்டு, எண்பத்தொன்பது என்று சிவப்பில் எரிந்தது. பூட்டு விடுபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சாய்ந்திருந்தவள் கதவோடு சேர்ந்து வெளியே சரிந்தாள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. எத்தனை டிகிரி என்று யாரும் பார்க்கவில்லை.

கதவு தானாகத் திறக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். திறந்தது. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.