ஹெட் ஆபீஸின் இடுப்பளவு

— அந்த ரெண்டாவது தையல் மெஷினைத் துடைச்சது போதும்டா தம்பி, தேஞ்சு போயிடப் போகுது.

— நாளைக்கு அதை வாங்க ஆள் வருதுக்கா. பளபளன்னு இருந்தாத்தானே பார்த்ததும் மனசு வரும்.

— வித்துட்டு நீ என்ன பண்ணப் போற?

— சத்தியமா சொல்றேன், ஏதாவது ரெடிமேட் கடையில வேலைக்குப் போயிடுவேன். ஹெட் ஆபீஸ் ஊரை விட்டுப் போய் மூணு மாசமாச்சு. எதிர்ல பாரு, அவ்வளவு பெரிய கட்டடத்துல வாட்ச்மேன் ஒருத்தர் உக்காந்து கொட்டாவி விடறாரு. முன்னாடியெல்லாம் காலையில இந்த ரோட்டைத் தாண்டறதுக்குள்ள உயிர் போய் உயிர் வரும். இப்ப நடு ரோட்டுல நாய் கால் நீட்டிப் படுத்திருக்கு. ஜெராக்ஸ் கடை மூடியாச்சு. ஜூஸ் கடைக்காரர் கடையைக் காலி பண்ணிட்டு அவரு மச்சான் ஊருக்கே போயிட்டாரு. நாம மட்டும் யாருக்காகக்கா கடையைத் திறந்து வெச்சிருக்கோம்?

— ஈ ஓட்டறதுக்கும் ஒரு கடை வேணுமேடா.

— எப்படித்தான் உனக்குச் சிரிப்பு வருதோ!

— அழுதா ஆபீஸ் திரும்பி வந்துடுமா? எனக்கும் கவலைதான். வீடே இந்தத் தையல்லதானே ஓடுது. அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா ஆச்சா?

— அக்கா... அக்கா! வாசல்ல பாரு. பர்ச்சேஸ் சார்!

— யாரு, ஹெட் ஆபீஸ் பர்ச்சேஸ் மேனேஜரா? அவர்தான் எல்லாரோடயும் அங்க போயிட்டாரே?

— கையில பை வேற. சத்தியமா மாட்டிக்கிட்டோம். அங்க ஏதோ கடையில அளந்திருப்பாங்க, சண்டை போட வர்றாரு.

— அளந்தா அளக்கட்டும், என்ன இப்போ?

— என்னவா? பத்து வருஷமா அவர் இடுப்பு முப்பத்திநாலுன்னு கடை அதிரச் சொல்லிட்டு மூணு தடவை இருமுவியே! ஒரு இருமலுக்கு ரெண்டு இன்ச்னு நானும் நாப்பதுக்கு வெட்டுவேன். அவருக்கு மட்டுமா? மொத்த ஆபீசையும் இப்படித்தானே அளந்த!

— கடையை விட்டுப் போகும்போது மனுஷன் இளைச்ச மாதிரி நடந்து போகட்டுமேன்னுதான்டா... வாயை மூடு, உள்ளயே வந்துட்டாரு. வாங்க சார், வாங்க!

— டெய்லரம்மா, சௌக்கியமா? இருமல் தேவலையா?

— இப்ப... இப்பப் பரவாயில்ல சார்.

— அளவெடுக்கும்போதெல்லாம் பாவம், அப்படி இருமுவீங்க. சரி, சமாச்சாரத்தைக் கேளுங்க. புது ஆபீஸ் பக்கத்துலயே நாலு மாடித் துணிக்கடை. ஜோரா உள்ள போய் முப்பத்திநாலு கேட்டேன். சமாச்சாரம் என்னன்னா, பேன்ட் தொடையைத் தாண்டல!

— ஐயையோ!

— பக்கத்து ட்ரையல் ரூம்ல யாரோ முனகற சத்தம். எட்டிப் பார்த்தா எங்க ஜி.எம்! முப்பத்திரெண்டுல ஒரு காலை மாட்டிக்கிட்டு ஒத்தக்கால்ல குதிக்கறாரு. அதுக்கும் அடுத்த ரூம்ல எங்க ஆடிட் ஆளு, ஜிப்போட மல்லுக்கட்டிக்கிட்டு.

— சத்தியமாவா சார்?

— சிரிக்காதய்யா. சமாச்சாரம் என்னன்னா, அந்த ஊர்ல அளவே தப்பு. ஜி.எம். மீட்டிங்லயே சொல்லிட்டாரு, இவ்வளவு பெரிய ஊர்ல இன்ச் டேப் ஒழுங்கா இல்லையேன்னு. எல்லாரும் தலையாட்டினோம்.

— அக்கா, உன் காலைப் பிடிக்கறேன், நீ எதுவும் பேசாத.

— இல்லடா, மனசு கேக்கல. சார், அந்தக் கடைக்காரங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்...

— நிறுத்துங்க டெய்லரம்மா! என்னை முடிக்க விடுங்க. எங்க குடும்பம், பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம் இன்னும் இங்கதான் இருக்கு. இந்த வாரத்துல இருந்து ஆபீஸ்ல வேன் விட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை வருவோம், திங்கக்கிழமை போவோம். இனிமே எங்க சட்டை, பேன்ட் எல்லாம் இங்கதான். இந்தப் பையிலயே அஞ்சு பேன்ட் துணி இருக்கு.

— அஞ்சா! அக்கா, மெஷின் வாங்க வர்றவனுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடட்டுமா?

— சொல்லு... இல்ல, இருடா. சார், உங்களை ஏமாத்தி இந்தக் கடையை நடத்தறதுக்குப் பதிலா நான் மூடிட்டே போயிடலாம். இன்னைக்கு உங்க நெசமான அளவைச் சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்.

— நாப்பது, டெய்லரம்மா. என் வீட்டம்மா எப்பவோ அளந்துட்டாங்க. ஜி.எம்முக்கு அவரோடது தெரியும், வெளிய வேன்ல துணியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் அவனவனோடது தெரியும். ஆனா அந்த நாலு மாடிக் கடையில எங்க மனசு நோகாம ஒரு பொய் சொல்ல ஆள் இல்ல. நீங்க டேப்பை எடுங்க, முப்பத்திநாலுன்னு அந்த வேன் வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க!