வலிக்கலன்னு ஊட்ல சொல்லிடாத

"வலிக்கலன்னு மட்டும் ஊட்ல சொல்லிடாத."

திருவான்மியூரில் கிளம்பிய தி.நகர் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது இந்தக் குரல். சொன்னது, மடியில் காலி மீன் கூடை வைத்திருந்த ஒரு அக்கா. பக்கத்தில் ஸ்கேன் கவரைப் பிடித்தபடி இளையவள் ஒருத்தி. மறுநாள் அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் என்பது அதற்குள் பாதி பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன்க்கா, வலிக்கக் கூடாதுன்னுதான வயித்துல ரெண்டு பக்கமும் ஊசி போடறேன்றாங்க? ஆபரேஷனும் சின்னச் சின்ன ஓட்டைதானாம். ஊசில நரம்பு மரத்துடுமாம்."

"போட்டுக்கோ. எனுக்கும் இதே ஆபரேஷனுக்குப் போட்டாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாளே எந்திரிச்சு நடந்தேன். வலியே இல்லன்னு பெருமையா வாய உட்டேன். ஊட்டுக்குப் போனதும் மாமியா கொடத்த எட்த்து கைல குட்த்துச்சு. ஊட்டுக்காரருக்கு மீன் கொழம்பு வோணுமாம்."

"செஞ்சியா?"

"செஞ்சேன். அதான் சொல்றேன், சும்மாவாவது முனகிக்கினு கெட."

"நான் இன்னாத்துக்கு நடிக்கணும்?"

சைதாப்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. இளையவள் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"யோவ், கேளு. அந்த ஊசிய போட்டுக்கறேன். வலிக்காதாம். வலிக்கலன்னாலும் வெய்ட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் படுத்துக்கினுதான் இருப்பேன். தண்ணி நீ புடி. உங்கம்மாவாண்ட இப்பவே சொல்லிடு. இன்னாது, சோறா? எனுக்கும் சேத்து ஆக்கு."